மலையகத்திலிருந்து கட்டடக்கலைஞர் உரிமத் தேர்வுக்குத் தயாராவது: பயிற்சிக் குறிப்பேடு முதல் நேர்முகம் வரை

பட்டப்படிப்பை முடித்து அலுவலகமொன்றில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் இளையவர்கள் ஹட்டனிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பார்ட் த்ரீக்கு எதைப் படிக்க வேண்டும்?" ஐந்தாறு ஆண்டுகள் ஸ்டூடியோவில் வரைந்து வளர்ந்தவர்களுக்கு, பார்ட் த்ரீ எனப்படும் இந்த உரிமத் தேர்வு புதிராகத் தோன்றுவது இயல்பே. இங்கே உங்கள் வரைதிறனை யாரும் அளப்பதில்லை. ஒரு கட்டடம் எழும்பும்போது யார் யாருக்குப் பொறுப்பு, எந்த நாளில் எதைச் சொல்லியிருக்க வேண்டும், சொன்னதை எழுத்தில் வைத்தீர்களா என்பதையே தேர்வாளர் தேடுகிறார். அந்தப் பொறுப்புணர்வை எப்படிப் பழகுவது என்பதை, சரிவான காணியும் ஓயாத மழையும் உள்ள நம் பிரதேசத்தை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி: நீங்கள் நிற்கும் இடத்தை அறிதல்

இலங்கையில் கட்டடக்கலைஞராகும் பாதை பிரித்தானிய மரபையொட்டி மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலிரு பகுதிகளும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலோ கொழும்பு சிட்டி ஸ்கூல் ஒஃப் ஆர்க்கிடெக்சரிலோ பெறும் கல்வியோடு சேர்ந்தவை. மூன்றாவது, பட்டயக் கட்டடக்கலைஞர் ஒருவரின் கீழ் பயிற்சி பெற்றபின் எழுதும் தொழில்முறைத் தேர்வாகும். இலங்கைக் கட்டடக்கலைஞர்கள் நிறுவனம் 1976ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. 1996ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் கட்டடக்கலைஞர்களைப் பதிவு செய்யும் சபை உருவானது. இந்த இரண்டு சட்டங்களையும் முதல் வாரத்திலேயே வாசித்துவிடுங்கள். இரண்டும் சிறியவை, நீங்கள் சேரப்போகும் தொழிலின் எல்லை அவற்றில்தான் வரையப்பட்டிருக்கிறது.

தகுதிக்காலம், கட்டணம், விண்ணப்ப முடிவுத் திகதி ஆகியவற்றை மூத்த மாணவர் சொன்னதை நம்பிக் குறித்துக்கொள்ள வேண்டாம். நடப்பு ஆண்டின் விதிமுறைப் பிரதியை நிறுவனத்திலிருந்தே பெற்று, அதிலுள்ள ஒவ்வொரு திகதியையும் சுவர் நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: பயிற்சிக் குறிப்பேடு

பயிற்சிக் குறிப்பேட்டை மாத இறுதியில் நினைவிலிருந்து நிரப்புவோர்தாம் நேர்முகத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள். "தளத்துக்குச் சென்றேன், மேற்பார்வை செய்தேன்" என்ற வரியால் உங்களுக்கும் பயனில்லை, வாசிப்பவருக்கும் பயனில்லை. அன்றன்று மாலையில், கையில் சேறு காயுமுன், மூன்று விடயங்களை எழுதுங்கள்: என்ன கண்டேன், அதைப் பற்றி யார் முடிவெடுத்தார், அந்த முடிவு எந்தக் கடிதத்தில் அல்லது வரைபடத் திருத்தத்தில் பதிவானது. மூன்றாவதற்கு விடை இல்லாத நாட்களே உங்கள் உண்மையான பாடங்கள்.

இதை நான் கற்றது ஒரு தவறினால். பயிற்சியின் இரண்டாம் ஆண்டில், ஊவாப் பக்கத்துச் சரிவொன்றில் இரண்டு தட்டாக அமைந்த வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை ஒப்பந்தக்காரர் தொலைபேசியில், "தம்பி, கீழ்த் தட்டுல மண் இளகிக் கெடக்கு, இன்னும் ரெண்டு அடி எறக்கவா?" என்று கேட்டார். "எறக்குங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு மறந்துபோனேன். தொழில்நுட்ப ரீதியில் அந்த முடிவு சரிதான். ஆனால் கட்டமைப்புப் பொறியியலாளரிடம் நான் கேட்கவில்லை, எழுத்தில் உறுதிப்படுத்தவில்லை, வீட்டுக்காரருக்குச் செலவைச் சொல்லவுமில்லை. கீழ்த் தட்டின் அத்திவாரம் முழுவதும் இரண்டடி இறங்கிக் கருங்கல்லால் நிரப்பப்பட்ட பின் மேலதிக வேலைக்கான பட்டியல் வந்தது. ஓய்வூதியப் பணத்தில் கட்டிக்கொண்டிருந்த அந்த ஆசிரியர், "இத யார் சொன்னது?" என்று கேட்டபோது என் மேலதிகாரி என் முகத்தைப் பார்த்தார். பணம் ஒருவழியாகப் பேசித் தீர்க்கப்பட்டது. பின்னர் தேர்வில் வாய்மொழி அறிவுறுத்தல் பற்றிய வினா வந்தபோது, நான் விடையைத் தேட வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் படி: ஒரே ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தல்

பல திட்டங்களை மேலோட்டமாகத் தெரிந்திருப்பதைவிட, ஒன்றை முதற்சந்திப்பிலிருந்து, வேலை முடிந்தபின் ஒப்பந்தக்காரர் குறைகளைத் திருத்தித் தரும் குறைபாட்டுக் காலம் முடியும்வரை அறிந்திருப்பது மேலானது. மலையகத்தில் பயிற்சி பெறுவோருக்கு, தங்கள் வேலைகள் சிறியவை, கொழும்புக்காரர்களின் அடுக்குமாடிகளுக்கு முன் எடுபடாதவை என்ற தயக்கம் உண்டு. அந்தத் தயக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 12 பேர்ச்சுச் சரிவுக் காணியில் எழும் ஒரு வீட்டில் காணி உரிமை, மண்சரிவு அபாயம், தாங்கு சுவர், அயலவர் காணிக்கு ஓடும் மழைநீர், பாதையில்லாத இடத்துக்குப் பொருள் சுமக்கும் கூலி ஆகிய அனைத்தும் வந்துவிடுகின்றன.

கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினராகத் தெரிவான முதல் ஆசியப் பெண். அவருடைய தொடக்ககால வேலைகளில் ஒன்றான கருணாரத்ன இல்லம் கண்டியின் ஒரு சரிவில்தான் அமைந்தது. 1950களில் வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டத்துக்காக அவர் குடியேறப்போகும் குடும்பங்களின் தேவைகளைக் கேட்டறிந்த பின்னரே வீட்டு வகைகளை வகுத்தார். சேவைபெறுநரின், அதாவது நம்மிடம் வேலையை ஒப்படைப்பவரின், தேவையை எழுத்தில் பெறுதல் என்று இன்று பாடத்திட்டத்தில் நாம் படிப்பதை அவர் எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே நம் மலைகளில் செய்து காட்டியிருக்கிறார்.

தேர்ந்தெடுத்த கட்டடத்துக்கு ஒரு கோப்பைத் திறந்து நியமனக் கடிதம், கட்டண ஒப்பந்தம், நில அளவைப் படம், அனுமதிப்பத்திரம், விலைமனுக்கள், தளக் கூட்டக் குறிப்புகள், கொடுப்பனவுச் சான்றிதழ்கள் ஆகியவற்றைத் திகதி வரிசைப்படி அடுக்குங்கள். சேவைபெறுநரின் அனுமதியைப் பெற்று, பெயர்களை மறைத்துப் பயன்படுத்துங்கள். இடையில் ஒரு தாள் இல்லையென்றால், அது ஏன் இல்லை, இருந்திருந்தால் என்ன எழுதப்பட்டிருக்கும் என்பதை நீங்களே எழுதிச் சேருங்கள். இந்தக் கட்டடத்தை வைத்து நீங்கள் தேர்வுக்கு எழுதும் ஆய்வறிக்கையின் உயிர் அந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது.

நான்காம் படி: சட்டத்தைக் காணியின் மேல் வைத்துப் படித்தல்

சட்டங்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். உங்கள் கட்டடத்தின் காணியில் நின்றுகொண்டு, இந்த இடத்தில் எந்தச் சட்டம் என்னைப் பிடிக்கும் என்று கேளுங்கள்.

முதற் கேள்வி, காணி யாருடையது. நகரத்தில் காணி உறுதிப் பத்திரமும் நில அளவைப் படமும் இருக்கும். தோட்டக் காணியாயின் நிலைமை வேறு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. நாலு தலைமுறையாக ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், வாழும் குடும்பம், பிள்ளை வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தில் ஓர் அறை சேர்க்க விரும்பி உங்களிடம் வரலாம். அவர்கள் கையில் உறுதி இல்லாதபோது யாருடைய சம்மதம் வேண்டும், நீங்கள் எந்தக் கட்டத்தில் பணியை ஏற்கலாம், அதை அவர்கள் மனம் நோகாமல் எப்படி விளக்குவது என்பன நேர்முகத்தில் எழக்கூடிய கேள்விகள். தேர்வுக்கு அப்பாலும் நம் மக்களுக்காக விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்விகள்.

அடுத்தது, எந்த அதிகாரத்தின் எல்லை. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம், அந்தச் சபையின் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களுக்கே பொருந்தும். அங்கே 1986ஆம் ஆண்டின் திட்டமிடல் ஒழுங்குவிதிகளின் இடத்தை 2021ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் பிடித்துக்கொண்டன. பழைய குறிப்புகளை வைத்துப் படிப்போர் இங்கேதான் புள்ளிகளை இழக்கிறார்கள். பிரகடனப்படுத்தப்படாத பகுதியில் 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி சபையே அனுமதி வழங்கும். ஒரே பிரதேச சபைக்குள் பாதைக்கு மேலே ஒரு சட்டமும் கீழே இன்னொன்றும் பொருந்தக்கூடும். எனவே வரைபடத்தை விரித்துப் பார்க்காமல் விடை எழுத வேண்டாம். கண்டியில் வேலை செய்வோர், 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த புனித நகரத்தின் தனிக் கட்டுப்பாடுகளையும் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மூன்றாவது, சரிவு. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை உள்ளிட்ட மண்சரிவு அபாய மாவட்டங்களில், கட்டட அனுமதிக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். இதை அலுவலகச் சடங்காக எண்ணுவோரைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் பார்த்தோம். அந்த இடம் அபாயமானது என்ற எச்சரிக்கை அதற்கு முன்னரே இருந்தது. அறிக்கையிலுள்ள நிபந்தனைகளை வரைபடத்துக்குக் கொண்டுவருவது கட்டடக்கலைஞரின் வேலை. மேற்புறத்து நீரை வெட்டித் திருப்பும் கான், தாங்கு சுவருக்குப் பின்னால் சல்லி நிரப்பு, சுவரில் நீர் வெளியேறும் துளைகள், வெட்டிய மண்ணைச் சரிவின் விளிம்பில் கொட்டாமை ஆகியவை எந்தத் தாளில், எந்தக் குறிப்பில் உள்ளன என்று சொல்ல முடிந்தால் நீங்கள் தயாராகிவிட்டீர்கள். சுவரின் தடிப்பைக் கணிப்பது பொறியியலாளரின் கடமை. அந்தக் கணிப்பு கேட்கப்பட்டதா, வந்ததா, அதன்படி கட்டப்பட்டதா என்பவற்றை ஒருங்கிணைப்பது உங்கள் கடமை.

அணுகல் வசதி பற்றிய 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளை மலைக்காணியில் வைத்துப் பார்த்தால் அவற்றின் கனம் புரியும். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சாய்வில், பாதைக்கும் வாசலுக்கும் 3 மீற்றர் உயர வேறுபாடு இருந்தால் சாய்தளம் மட்டும் 36 மீற்றர் ஓடும். இடைத் தளங்கள் அதற்கு மேல். சமூக மண்டபமோ மருந்தகமோ வடிவமைக்கும்போது வாசலை எந்த மட்டத்தில் வைப்பது என்பதை முதல் நாளிலேயே தீர்மானிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இறுதியாக, பொறுப்புச் சட்டம். நம் நாட்டின் தனியார் சட்டத்துக்கு உரோமன் டச்சுச் சட்டமே அடிப்படை. கவனக்குறைவால் விளைந்த சேதத்துக்கான பொறுப்பை அதன் வழியே விளங்கிக்கொள்ளுங்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்திலுள்ள ஒப்பந்தத்தின் மீது வழக்கிட ஆறு ஆண்டுகளும், எழுத்தில் இல்லாததன் மீது மூன்று ஆண்டுகளும், சேதத்துக்காக இரண்டு ஆண்டுகளும் கால எல்லையாகும். எழுத்து ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நேரான விடை கிடையாது. வரைபடங்களின் பதிப்புரிமைக்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தையும், பிணக்குத் தீர்ப்புக்கு 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசித்தால் போதும்.

ஐந்தாம் படி: ஒப்பந்த நிபந்தனைகளைக் கணக்கோடு பழகுதல்

தயாரிப்பு நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையின் நியம ஒப்பந்த ஆவணங்களில் ஒன்றை எடுத்து, வாசகம் வாசகமாக உங்கள் கட்டடத்தில் பொருத்திப் பாருங்கள்.

இடைக்காலக் கொடுப்பனவுச் சான்றிதழை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தத் தொகை 4 கோடி ரூபா. ஒவ்வொரு கொடுப்பனவிலும் பிடித்துவைக்கும் பிடிபணம் 10 வீதம், அதன் உச்ச எல்லை ஒப்பந்தத் தொகையின் 5 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்ற மாதம்வரை 84 இலட்சத்துக்கு வேலை முடிந்திருந்தது, 8.4 இலட்சம் பிடித்து 75.6 இலட்சம் சான்றளித்தீர்கள். இந்த மாதம்வரை முடிந்த வேலை 120 இலட்சம். அதில் 12 இலட்சம் பிடித்தால் 108 இலட்சம். முன்னர் சான்றளித்ததைக் கழித்தால் இம்மாதம் செலுத்த வேண்டியது 32.4 இலட்சம். இவ்வளவும் எல்லோரும் செய்வார்கள். வேலை 250 இலட்சத்தை எட்டும்போதுதான் பிழை வருகிறது. பழக்கத்தில் 25 இலட்சம் பிடித்துவிடுவார்கள். எல்லை 20 இலட்சம்தான். அது வேலை 200 இலட்சத்தைத் தொட்டபோதே நிரம்பிவிட்டது. ஒப்பந்தக்காரருக்குச் சேர வேண்டிய 5 இலட்சத்தை நீங்கள் தடுத்துவைத்தால், அந்த வாரக் கூலி கிடைக்காமல் மேசன் பாஸும் கையாட்களும் வீட்டுக்குப் போவார்கள். பணம் தருபவர் உங்கள் சேவைபெறுநராக இருந்தாலும் சான்றளிக்கும்போது இரு தரப்புக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்ற நெறியை இந்தக் கணக்கிலிருந்தே விளக்க முடியும்.

கால நீடிப்பு மலையகத்துப் பரீட்சார்த்திக்கு வாய்த்த பாடம். ஜூன் மாதம் வட்டவளையில் மழை பெய்ததால் வேலை நின்றது என்று ஒப்பந்தக்காரர் எழுதினால், அது காரணமாகுமா? மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டும் என்பது விலைமனு கொடுத்த நாளிலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. வழமைக்கு மாறாக மோசமான காலநிலை என்று காட்டினால்தான் நீடிப்புக்கு இடமுண்டு. அதே மழை அதே மாதத்தில் பதுளைப் பக்கம் பெய்திருந்தால் கதை வேறு. அந்தச் சரிவு டிசம்பர் முதல் பெப்ரவரி வரையிலான வடகீழ்ப் பருவத்திலும், அதற்கு முந்திய இடைப்பருவ மழையிலுமே அதிகம் நனைவது. ஆகவே மழைவீழ்ச்சிப் பதிவைக் கேளுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் நீண்டகாலச் சராசரியோடு ஒப்பிடுங்கள். என் சிறுவயதில் எங்கள் தோட்டத்து ஒபிஸ் முற்றத்தில் நின்ற மழைமானியைக் கணக்கப்பிள்ளை ஐயா ஒவ்வொரு காலையும் பார்த்துப் பெரிய பேரேட்டில் எழுதுவார். அத்தகைய பேரேடு இன்றும் பல தோட்டங்களில் உண்டு. தளத்துக்கு மிக அருகிலுள்ள சான்றும் அதுவே. பெரும்பாலான நிபந்தனைகளில் காலநிலைக்காகக் காலம் மட்டுமே கிடைக்கும், பணம் கிடைக்காது என்பதையும் மறவாதீர்கள்.

2022இல் சீமெந்தும் கம்பியும் விலையேறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு பொருள் விலை மாறும்போது கொடுப்பனவைச் சரிசெய்யும் விலைத் தளம்பல் சூத்திரம் எதற்காக இருக்கிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் காலத்துப் பட்டியல் ஒன்றை எடுத்து, குவான்டிட்டி சர்வேயர் ஒருவரின் பக்கத்தில் அமர்ந்து, ஒருமுறையேனும் கையால் கணித்துப் பாருங்கள்.

ஆறாம் படி: மொழி

தேர்வு ஆங்கிலத்தில். தமிழ் மொழிமூலம் படித்து வந்த நம் பிள்ளைகள் பலருக்கு விடயம் தெரிந்திருந்தும் விடை இறுக்கமாக வராமல் போவது இதனால். நமது சட்டங்கள் தமிழிலும் வெளியாகின்றன. முதலில் தமிழ் வாசகத்தை வாசித்துக் கருத்தைப் பிடித்துக்கொண்டு, பின்னர் ஆங்கில வாசகத்தை வாசியுங்கள். சிறு கொப்பி ஒன்றில் ஒப்பந்த மொழியின் சொற்களை உங்கள் தமிழில் விளக்கி எழுதுங்கள். 'ஷல்' என்றால் செய்தே ஆக வேண்டும், 'மே' என்றால் செய்யலாம். இந்த ஒரு வேறுபாட்டைத் தவறவிட்டதால் முழு விடையும் தலைகீழாகிப்போன தாள்களைப் பயிற்சிக் குழுவில் கண்டிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைக் குறுகியதாக வையுங்கள். தேர்வாளருக்கு உங்கள் தெளிவு போதும்.

ஏழாம் படி: கடிதம் எழுதிப் பழகுதல்

தேர்வுக்கு ஆறு மாதங்கள் இருக்கும்போது வாரம் இரண்டு கடிதங்கள் என்ற கணக்கில் தொடங்குங்கள். கூரைத் தகடு ஒழுகுவதாக முறையிடும் சேவைபெறுநருக்கு, குறைபாட்டைத் திருத்தாத ஒப்பந்தக்காரருக்கு, அனுமதியை மறுத்த பிரதேச சபைக்கு, தரகுப்பணம் தருவதாகச் சொல்லும் ஓடு வியாபாரிக்கு என ஒவ்வொன்றிலும் திகதி, பொருள், நடந்தது, பொருந்தும் வாசகம், நீங்கள் கேட்கும் நடவடிக்கை, அதற்கான கெடு, பிரதி யாருக்கு என்பவை இருக்க வேண்டும். தரகு தருவதாகச் சொன்ன வியாபாரிக்கு மறுப்பு எழுதுவது எளிதென்று தோன்றும். எழுதிப் பாருங்கள், மரியாதை குறையாமல் கதவைச் சாத்துவதற்கு நான்கு முறை திருத்த வேண்டிவரும்.

மூன்று நான்கு பேராகக் குழு சேருங்கள். போயா தினங்களில் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஓர் அறையில் கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர் ஒப்பந்தக்காரரின் கண்ணால் வாசித்து ஓட்டை தேடுங்கள். கடைசி இரண்டு மாதங்களில் முழு வினாத்தாளை நேரம் வைத்து எழுதுங்கள். வினாவில் உங்களை யாராக நிறுத்தியிருக்கிறார்கள் என்பதை முதலில் கோடிடுங்கள்: சேவைபெறுநருக்கு ஆலோசனை சொல்பவராகவா, ஒப்பந்தத்தை நிர்வகிப்பவராகவா? முன்னவருக்கும் பின்னவருக்கும் விடை வேறு.

எட்டாம் படி: தேர்வு நாளும் நேர்முகமும்

மலையக ரயில் பாதையில் மழைக்காலத்தில் மண் சரிந்தால் அன்றைய பயணம் அவ்வளவுதான். ஆகவே இரண்டு நாட்கள் முன்னதாகவே கொழும்புக்கு இறங்கி, உறவினர் வீட்டிலோ நண்பரின் அறையிலோ தங்குங்கள்.

நேர்முகத்தில் உங்கள் ஆய்வறிக்கையே மேசையில் இருக்கும். அதிலுள்ள ஒவ்வொரு தொகைக்கும் திகதிக்கும் பின்னால் இருக்கும் தாளை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். தவறு நடந்திருந்தால் நடந்தபடியே சொல்லி, இப்போது என்ன செய்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அந்த இரண்டடி அத்திவாரத்தை நான் என் அறிக்கையில் மறைக்கவில்லை. "அன்று மாலையே என்ன செய்திருக்கலாம்?" என்று அவர்கள் கேட்டார்கள். வேலையை அந்த இடத்தில் நிறுத்திப் பொறியியலாளரை அழைத்திருப்பேன், வீட்டுக்காரரிடம் உத்தேசச் செலவைச் சொல்லி ஒப்புதல் பெற்றிருப்பேன், பின்னரே எழுத்தில் அறிவுறுத்தல் கொடுத்திருப்பேன் என்றேன். தெரியாததற்கு, அந்தத் துறை நிபுணரிடம் கேட்பேன் என்று சொல்வதும் சரியான விடைதான். எதை எவரிடம் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அது முழு விடையாகும்.

தேர்ச்சிக் கடிதம் கைக்கு வந்ததும் பதிவு விண்ணப்பத்தைத் தாமதிக்காமல் அனுப்புங்கள். பெயர் பதிவேட்டில் ஏறும்வரை கடிதத் தலைப்பிலோ, வீட்டு வாசல் பலகையிலோ, வரைபடத்தின் பெயர்ப் பெட்டியிலோ கட்டடக்கலைஞர் என்ற பட்டத்தைப் போடாதீர்கள். அதுவரை நீங்கள் வரையும் வேலைகளில் உங்களைப் பயிற்றுவித்த பட்டயக் கட்டடக்கலைஞரே கையொப்பமிட வேண்டும்.